மிக்கியை வரைந்தது யார்? அனிமேட்டர் என்ற வேலையும் அப் ஐவர்க்ஸ் என்ற மனிதரும்

மிக்கி மௌஸை உருவாக்கியவர் யார்? பள்ளி வினாடி வினாக்களில் தவறாமல் வரும் கேள்வி இது. வால்ட் டிஸ்னி என்று எழுதினால் முழு மதிப்பெண். நானும் அப்படி எழுதி வாங்கியவன்தான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இப்போது நேரெதிராகச் சொல்கிறார்கள்: டிஸ்னி ஒரு கோடுகூடப் போடவில்லை, எல்லாம் அவரோடு வேலை பார்த்த அனிமேட்டர் அப் ஐவர்க்ஸ் வரைந்தது, பெயர் மட்டும் முதலாளிக்குப் போய்விட்டது என்று. முதல் பதில் அரைகுறை. இரண்டாவது, கொஞ்சம் சத்தமான அரைகுறை.

ஒரே குழப்பம்தான் இரண்டுக்கும் வேர். ஒரு கதாபாத்திரத்தைக் கற்பனை செய்வது, அதை வரைவது, அதை அசைய வைப்பது ஆகிய மூன்று வேலைகளையும் நாம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். ஐவர்க்ஸ் யார் என்று புரிய வேண்டுமானால், மூன்றாவது வேலை என்ன என்பது முதலில் புரிய வேண்டும்.

ஓவியர் வேறு, அனிமேட்டர் வேறு

வகுப்பில் பாடம் நடக்கும்போது நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் குச்சி மனிதனை வரைந்திருப்பீர்கள். அடுத்த பக்கத்தில் கையைச் சற்று உயர்த்தி, அதற்கடுத்த பக்கத்தில் இன்னும் சற்று உயர்த்தி. பிறகு கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் அவன் கையசைப்பான். அந்தக் குச்சி மனிதன் அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் இடையே கை எவ்வளவு நகர்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திரைப்படத்தில் அப்படி ஒவ்வொரு தனிப்படத்துக்கும் ஃபிரேம் என்று பெயர். ஒலி வந்த பிறகு விநாடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலையான கணக்கு.

ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். அது மேலிருந்து தரைக்கு வர அரை விநாடி, அதாவது 12 ஃபிரேம். பன்னிரண்டு பந்துகளையும் சம இடைவெளியில் வரைந்தால், பந்து விழாது. லிஃப்டில் இறங்கி வருவது போல வரும். மேலே நெருக்கமாகவும் கீழே வர வர அகலமாகவும் வைத்துப் பாருங்கள், பந்துக்கு எடை வந்துவிடும். தரையைத் தொடும் படத்தில் மட்டும் அதைச் சற்றுச் சப்பையாக வரைந்தால் அது ரப்பர் பந்து. சப்பையாக்காமல் விட்டு, அதே இடத்தில் நான்கு ஃபிரேம் அசையாமல் நிறுத்தினால் அது இரும்புக் குண்டு. வரைந்தது என்னவோ வெறும் வட்டம். எடை, பொருள், வேகம் எல்லாம் அந்த வட்டத்தை எங்கே, எத்தனை ஃபிரேமுக்கு வைக்கிறோம் என்பதிலிருந்து வந்தவை.

இந்த முடிவுகளை எடுப்பவரே அனிமேட்டர். நடிகருக்கும் ஓவியருக்கும் கடிகாரக்காரருக்கும் நடுவே எங்கோ இருக்கிற ஒரு தொழில். ஐவர்க்ஸுக்குள் கடிகாரக்காரர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தார். அவர் வாழ்க்கை போன திசையை அது ஒன்றே விளக்கிவிடும்.

கன்சாஸ் சிட்டியில் இரண்டு இளைஞர்கள்

ஐவர்க்ஸ் பிறந்தது 1901 மார்ச் 24, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கன்சாஸ் சிட்டியில். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறிய முடிதிருத்துநர். வால்ட் டிஸ்னி அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவர். 1919இல் கன்சாஸ் சிட்டியில் ஒரு விளம்பர ஓவிய நிறுவனத்தில் இருவரும் சந்தித்தார்கள். வேலை போனதும் 1920 தொடக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டார்கள். டிஸ்னி-ஐவர்க்ஸ் என்று பெயர் வைத்தால் ஆங்கிலக் காதுக்கு அது ('ஐ' என்றால் கண்) மூக்குக்கண்ணாடிக் கடை போல ஒலிக்கிறது என்று மாற்றி, ஐவர்க்ஸ்-டிஸ்னி என்று வைத்ததாகச் சொல்வார்கள். பெயர் நன்றாக இருந்து என்ன? கடை ஏறக்குறைய ஒரு மாதம்தான் ஓடியது.

பிறகு இருவரும் திரையரங்க விளம்பரப் படம் எடுக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, அங்கேதான் அசையும் படம் செய்யக் கற்றார்கள். டிஸ்னி தொடங்கிய லாஃப்-ஓ-கிராம் நிறுவனம் 1923இல் திவாலானது. அவர் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அடுத்த ஆண்டு ஐவர்க்ஸையும் அழைத்துக்கொண்டார்.

டிஸ்னிக்கு வரையத் தெரியாது என்பது பொய். தொடக்கக் காலப் படங்களை அவரும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். ஆனால் பக்கத்து மேசையில் ஐவர்க்ஸ் வரைவதைப் பார்த்த பிறகு தன் இடம் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 1920களின் நடுவிலேயே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கதை, நகைச்சுவை, ஆள் சேர்ப்பது, பணம் புரட்டுவது என்று போய்விட்டார். என்னைக் கேட்டால், அவர் எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது அதுதான்.

பூட்டிய அறைக்குள் ஒரு எலி

1927இல் அவர்கள் ஆஸ்வால்ட் என்ற முயலை வைத்துப் படங்கள் செய்துகொண்டிருந்தார்கள். படம் நன்றாக ஓடியது. 1928இல் கூடுதல் பணம் கேட்க நியூயார்க் போன டிஸ்னிக்கு அதிர்ச்சி காத்திருந்தது. முயலின் உரிமை யுனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது; இடையில் இருந்த விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸ், டிஸ்னியின் அனிமேட்டர்களில் பெரும்பாலோரைத் தன் பக்கம் இழுத்துவிட்டிருந்தார். போக மறுத்தவர்களில் ஐவர்க்ஸ் முக்கியமானவர்.

ஒப்பந்தப்படி மிச்சமிருந்த முயல் படங்களை முடித்துக் கொடுக்க வேண்டும். விட்டுப் போகப்போகிறவர்கள் அதே கூரையின் கீழ் உட்கார்ந்து முயலை வரைந்துகொண்டிருக்க, கதவைத் தாழிட்டுக்கொண்டு ஐவர்க்ஸ் எலியை வரைந்தார். யாராவது கதவைத் தட்டினால் எலிப் படங்களின் மேல் முயல் படங்களை இழுத்து மூடிவிடுவாராம். அப்படி வந்ததுதான் 'பிளேன் கிரேஸி', மிக்கி மௌஸின் முதல் படம். அசைவு ஏறக்குறைய முழுவதும் ஒரே மனிதருடைய கை.

ஒரு நாளைக்கு 700 படங்கள் என்பது இதைப் பற்றி எல்லோரும் சொல்லும் கணக்கு. நம்பக்கூடியதா என்று போட்டுப் பார்ப்போம். பத்து மணி நேர வேலை என்றால் 36,000 விநாடிகள். 700ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 51 விநாடி சொச்சம். ஓவியருக்கு நடக்காத காரியம். ஆனால் அந்த எலியின் உருவத்தைப் பாருங்கள்: தலை ஒரு வட்டம், வயிறு ஒரு வட்டம், காதுகள் இரண்டு வட்டங்கள். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் காதுகள் வட்டமாகவே நிற்கும். உண்மையான காது அப்படி நிற்காது. கைகால்களுக்கு முட்டியோ முழங்கையோ கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் போல வளையும். துறையில் இந்தப் பாணிக்கே 'ரப்பர் ஹோஸ்' என்றுதான் பெயர். மூட்டு இல்லாவிட்டால் எலும்புக் கணக்கு இல்லை. நிழல் தீட்டும் வேலையும் இல்லை. வேகமாக வரைவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட உருவம் அது. மையிடுவதும் வண்ணம் பூசுவதும் வேறு ஆட்களின் வேலை. இத்தனையும் சேர்த்தால் 51 விநாடி என்பது மாயமில்லை. அசாத்தியமான கை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

சரி, எலி யாருடையது? திரையில் நாம் கண்ட உருவமும் அசைவும் ஐவர்க்ஸுடையவை. அந்த எலி எதற்கு ஆசைப்படும், எதற்கு அசடு வழியும், எப்படித் தப்பிக்கும் என்ற குணம் பெரும்பாலும் டிஸ்னியுடையது. குரலும் அவருடையதே, 1940களின் பிற்பகுதி வரை மிக்கிக்காக அவர்தான் பேசினார். நாடகத்தில் வசனம் எழுதியவரா, மேடையில் ஆடியவரா, யார் அந்தப் பாத்திரத்தின் சொந்தக்காரர் என்று கேட்பது போன்ற கேள்வி இது.

தாளம் வந்து சேர்ந்தது

'பிளேன் கிரேஸி' மௌனப் படமாக எடுக்கப்பட்டது, வாங்க ஆளில்லை. மூன்றாவதாகச் செய்த 'ஸ்டீம்போட் வில்லி'தான் 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் ஒலியோடு வந்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஒலி சேர்ப்பது என்றால் படத்தின் மேல் பாட்டைப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது திருமண வீடியோவில் ஓடும் பின்னணிப் பாட்டு போலத்தான் இருக்கும். இங்கே நடந்தது வேறு. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், விநாடிக்கு இரண்டு தட்டு விழும் தாளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் சரியாக 12 ஃபிரேம். ஆகவே எலியின் கால் 1, 13, 25 ஆகிய ஃபிரேம்களில் தரையில் பட்டால், வாத்தியக்காரர் எங்கே இருந்து வாசித்தாலும் தாளம் காலில் வந்து விழும். இசையையும் அசைவையும் ஒரே அளவுகோலில் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். எந்தப் படம் எத்தனையாவது ஃபிரேமில் வர வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதும் அந்தத் தாளுக்கு எக்ஸ்போஷர் ஷீட் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு சண்டைக்கு இது காரணமாகப் போகிறது.

இந்தத் தாளக் கணக்கின் உச்சம் 1929இல் வந்த 'தி ஸ்கெலிட்டன் டான்ஸ்'. இசை கார்ல் ஸ்டாலிங், அசைவு பெரும்பகுதி ஐவர்க்ஸ். நள்ளிரவு, இடுகாடு, நான்கு எலும்புக்கூடுகள். ஒன்று இன்னொன்றைக் குனிய வைத்து, தொடை எலும்புகளைக் கழற்றிக் கையில் பிடித்து, அதன் முதுகெலும்பைச் சைலஃபோன் போல வாசிக்கிறது. கதை என்று ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு அடியும் தன் ஸ்வரத்தில் விழுவதே முழு இன்பம். ஐவர்க்ஸின் மேதைமையும் போதாமையும் இந்த ஒரே ஐந்தரை நிமிடத்தில் அருகருகே இருக்கின்றன என்பது என் எண்ணம். இயந்திரம் போலத் துல்லியம். ஆனால் அந்த நான்கு எலும்புக்கூடுகளில் எது எது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

பந்தல் போடுவதும் பூத்தொடுப்பதும்

அசைவை வரைய இரண்டு வழிகள் உண்டு.

பந்தல் போடுகிறவர்கள் முதலில் மூலைக் கால்களை நடுவார்கள். பிறகு நடுக் கால்கள், கடைசியில் கீற்று. அனிமேஷனிலும் அப்படி ஒரு முறை இருக்கிறது. கை ஓங்கிய நிலை, அடி விழுந்த நிலை போன்ற முக்கியமான படங்களை முதலில் வரைவார்கள். அவற்றுக்குக் 'கீ' என்று பெயர். நடுவில் வரும் படங்கள் 'இன்பிட்வீன்', அதாவது இடைப்படங்கள். அவற்றை உதவியாளர் வரையலாம்.

பூத்தொடுப்பவரோ ஒரு பூவை வைத்து முடிச்சிட்ட பிறகுதான் அடுத்த பூவை எடுக்கிறார். முதல் படம், அதிலிருந்து இரண்டாவது, அதிலிருந்து மூன்றாவது. அசைவில் ஒரு துள்ளல் கிடைக்கும். ஆனால் சரம் எங்கே முடியும் என்பது தொடுப்பவருக்கு மட்டும் தெரியும், சில சமயம் அவருக்கும் தெரியாது. இந்த வழியில் இடையில் ஆள் மாற்ற முடியாது.

ஐவர்க்ஸ் பூத்தொடுக்கிற ஆள். டிஸ்னிக்கு வேண்டியது பந்தல். நாளைக்கு நூறு பேர் வேலை செய்யும் கூடத்தை மனத்தில் வைத்திருந்தவருக்கு, விலை உயர்ந்த அனிமேட்டர் கீ மட்டும் வரைந்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போக வேண்டும். இடைப்படங்களைக் குறைந்த சம்பளக்காரர் முடிக்க வேண்டும். ஐவர்க்ஸ் எல்லாவற்றையும் தானே வரைய விரும்பினார். போதாததற்கு, அவர் எழுதி வைத்த எக்ஸ்போஷர் ஷீட்டுகளை டிஸ்னி பிறகு வந்து திருத்தினார். அனிமேட்டருக்கு அது, சமைத்து இறக்கிய குழம்பில் வேறொருவர் உப்புப் போடுவது போல. காலக்கணக்குதான் அவர் கலை; அதில் கை வைத்தாயிற்று.

நடந்ததைத் திரட்டிச் சொன்னால்: கீ என்பது முக்கிய நிலை, இடைப்படம் அவற்றை இணைப்பது, எக்ஸ்போஷர் ஷீட் எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பது. இந்த மூன்றையும் யார் கட்டுப்படுத்துவது என்பதில்தான் இரண்டு நண்பர்களும் முறைத்துக்கொண்டார்கள். பெயரும் பணமும் மட்டுமே காரணம் என்று சொல்வது பாதிக் கதை.

தனிக்கடை

1930 ஜனவரியில் ஐவர்க்ஸ் வெளியேறினார். டிஸ்னிக்கு ஒலிக்கருவி கொடுத்த பேட் பவர்ஸ்தான் பின்னாலிருந்து பணம் போட்டார். நிறுவனத்தில் தமக்கிருந்த 20 சதவீதப் பங்கை 2,920 டாலருக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். இன்றைய டிஸ்னியின் மதிப்பை நினைத்தால் வயிறு எரியும். நினைக்காமல் மேலே போவோம்.

ஃபிலிப் என்ற தவளை, வில்லி வாப்பர் என்ற புளுகுமூட்டைப் பையன் என்று அவர் படங்கள் வந்தன. அசைவில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்தத் தவளை யார், அதற்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் பதிந்ததாகத் தெரியவில்லை. 'டிஸ்னி ஒன்றுமே செய்யவில்லை' என்பவர்களுக்கு இந்த ஆறு ஆண்டுகளே பதில். 1936இல் கடை மூடப்பட்டது. அங்கே, படங்களை மையால் பிரதியெடுக்கும் செல்லுலாய்ட் தாள்களைக் கழுவும் வேலையில் தொழிலைத் தொடங்கிய பையன்களில் ஒருவர் சக் ஜோன்ஸ். பிற்காலத்தில் வார்னர் பிரதர்ஸில் ரோட் ரன்னர் என்ற பறவையைத் துரத்தும் கயோட்டி ஓநாயை நமக்குக் கொடுத்தவர்.

கதையில் தோற்ற இந்தக் காலத்திலும் ஐவர்க்ஸின் கை ஸ்பேனரை விடவில்லை. 'பிளேன் கிரேஸி'யில் விமானம் தரையை நோக்கிச் சுழன்று விழும் காட்சிக்கு, பின்னணிப் படத்துக்கு அடியில் புத்தகங்களை அடுக்கி அடுக்கிக் கேமராவுக்கு அருகே கொண்டுபோனார்கள். இப்போது அந்த யோசனையை முறையான கருவியாக்கினார், பழைய செவ்ரோலே காரின் உதிரிப் பாகங்களைக் கொண்டு.

ரயில் சன்னலோரம் உட்கார்ந்தால் தந்திக் கம்பங்கள் பறக்கும், பனைமரங்கள் மெதுவாக நகரும், மலை அசையவே அசையாது. நம் கண் இந்த வேக வித்தியாசத்தை வைத்தே தொலைவை அறிகிறது. ஒரே தாளில் வரைந்த பின்னணியில் கம்பமும் மலையும் ஒரே வேகத்தில் நகரும். அதனால் தட்டையாகத் தெரியும். கம்பத்தை ஒரு கண்ணாடியிலும் மரத்தை இன்னொன்றிலும் மலையை மூன்றாவதிலும் வரைந்து, இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் படம் பிடித்தால் ஆழம் வந்துவிடும். இதுவே மல்டிபிளேன் கேமரா. அவருக்கு முன்பே ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற அனிமேஷன் கலைஞர் இந்த வழியைத் தொட்டிருந்தார். டிஸ்னி நிறுவனத்தின் புகழ்பெற்ற பிரம்மாண்டமான கேமரா 1937இல்தான் திரைக்கு வந்தது.

திரும்பி வந்தவர் பென்சிலைத் தொடவில்லை

1940இல் ஐவர்க்ஸ் டிஸ்னிக்கே திரும்பினார். அனிமேட்டராக அல்ல, தந்திரக் காட்சிகளுக்கான கருவிகள் செய்பவராக. பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் 'பிறகு அவர் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றினார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கோ அவர் கதையில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

முதலில் நகல் இயந்திரம். அனிமேட்டர் தாளில் பென்சிலால் வரைந்ததை, செல் எனப்படும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தாளில் மையால் பிரதியெடுக்க வேண்டும். நம் கையில் இருக்கும் செல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பிரதி வேலையைப் பெண்கள் நிறைந்த ஒரு பெரிய பிரிவு பேனாவால் கோடு கோடாகச் செய்துவந்தது. செலவும் காலமும் அங்கேதான் கரைந்தன. தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறோமே, அதே மின்னூட்டத் தத்துவத்தை செல்லுக்குப் பொருத்தினார் ஐவர்க்ஸ். 1961இல் வந்த டால்மேஷன் நாய்ப் படத்தின் நூற்றொரு நாய்களுக்கும் அவற்றின் புள்ளிகளுக்கும் கையால் மையிடுவதை நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்தின் கோடுகள் சற்றே கரடுமுரடாக, பென்சில் வாசனையோடு இருப்பதற்குக் காரணம் இந்த இயந்திரம்.

அடுத்தது மஞ்சள் விளக்கு. பழைய சோடியம் தெருவிளக்கின் கீழே பச்சைப் புடவையும் நீலச் சட்டையும் ஒரே மங்கலாகத் தெரிந்தது நினைவிருக்கிறதா? அந்த விளக்கு ஏறக்குறைய ஒரே ஒரு மஞ்சளைத்தான் உமிழ்கிறது. வேறு நிறமே அதில் இல்லை. நடிகருக்குப் பின்னால் இருக்கும் திரையில் இந்த மஞ்சளைப் பாய்ச்சி, நடிகர் மேல் சாதாரண ஒளியைப் போடுவார்கள். கேமராவுக்குள் ஒரு கண்ணாடிப் பட்டகம் வரும் ஒளியைப் பிரித்து, மஞ்சளை மட்டும் ஒரு பிலிம் சுருளுக்கும் மற்றதை இன்னொரு சுருளுக்கும் அனுப்பும். மஞ்சள் சுருளில் பதிவது நடிகரின் துல்லியமான நிழல் வடிவம். அதற்கு மேட் என்று பெயர். துணி வெட்டத் தையற்காரர் வைத்திருக்கும் காகித அச்சு போன்றது. அந்த அச்சை வைத்து நடிகரை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் பொருத்தலாம், தலைமுடியின் நுனிகூடச் சிதையாமல். பெட்ரோ விலாஹோஸ் என்பவரின் கண்டுபிடிப்பை ஐவர்க்ஸ் டிஸ்னியின் கூடத்தில் வேலைக்குப் பழக்கினார். 1964இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நடிகர் டிக் வான் டைக் கார்ட்டூன் பென்குயின்களோடு ஆடுவது இந்த முறையில் எடுக்கப்பட்டதே. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்துக்கும் இதே கருவியோடு போய் வேலை செய்தார். படபடக்கும் இறக்கையை வெட்டி எடுப்பது வேறு முறைகளில் பெரும் தொல்லை.

1960இலும் 1965இலும் அவர் பெற்ற ஆஸ்கர்கள் தொழில்நுட்பத்துக்கானவை. கார்ட்டூன் வரைந்ததற்காக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1971 ஜூலை 7 அன்று கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இறந்தார்.

பார்க்கத் தொடங்க ஓர் இடம்

'ஸ்டீம்போட் வில்லி'யின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எலி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விசிலடிக்கும்போது அதன் இடுப்பும் கால்விரல்களும் ஏதோ எண்ணிக்கையில் ஆடுவது தெரியும். பிறகு ஒலியோடு பாருங்கள். படம் தொடங்கும் முன் சில விநாடிகள் நிற்கும் தலைப்பு அட்டையையும் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். 'ஒரு வால்ட் டிஸ்னி காமிக்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே, 'வழங்குபவர்' என்றோ 'உதவி' என்றோ இல்லாமல், அப் ஐவர்க்ஸின் பெயர்.